மூன்றாவது காரில் ஒரு சத்தம்

கடகடவென்று காருக்கு அடியிலிருந்து கிளம்பிய சத்தத்தில் நளினியின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் தெலுங்கில் அவள் வம்சத்தையே விசாரித்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

"கேட்டீங்களா அக்கா? நான் அப்பவே சொன்னேன்ல!" என்றான் பின் சீட்டிலிருந்த டிரைவர் சிட்டிபாபு.

நளினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அசரியாவின் முகம் மாறிவிட்டது. கார் அவருடையது. திருப்பதியில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"இது இன்னா சத்தம்? இந்த வண்டியில நான் கேட்டதே இல்லியேம்மா!"

விற்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்று நளினி நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு கார் வேண்டும். அழகுக்கு இல்லை. நடுவழியில் நிற்காத கார் வேண்டும். அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா ஏழுமலைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சித்தூரில் இடம் கிடைக்காததால், வாரத்துக்கு மூன்று முறை திருப்பதிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிவர வேண்டியிருந்தது. இத்தனை நாளும் சிட்டிபாபுவின் வாடகைக் கார்தான். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை அவன் வேறு சவாரிக்குப் போய்விட்டான். பஸ் பிடித்து வந்தார்கள். கூட்டத்தில் பஸ் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் நைனாவின் முறை தப்பிவிட்டது. அன்று அவர் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்தவள், ஆபீசில் கடன் போட்டாவது சொந்தக் கார் வாங்குவது என்று முடிவு செய்தாள்.

எந்த மாடல் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. சித்தூரில் தெருவுக்கு நாலு நிற்குமே, அந்தக் குடும்பக் கார்தான். நைனா பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொள்ளலாம். ஆனால் டாக்ஸியாக ஓடுவதும் பாதி அதே மாடல்தான். மஞ்சள் நம்பர் பிளேட்டைக் கழற்றிவிட்டு வெள்ளையை மாட்டினால் யாருக்குத் தெரியும்? அதனால் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். தெரிந்த டிரைவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

பங்காருபாளையத்தில் முதல் கார். சிட்டிபாபு தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தான். "தண்ணியில முங்கின வண்டி. வத்து அக்கா, வேணாம்." ரேணிகுண்டாவில் இரண்டாவது கார். கதவை நாலு தடவை திறந்து மூடினான். "அடிபட்ட வண்டி. பெயின்ட் அடிச்சு மறைச்சுக்கீறாங்க."

இது மூன்றாவது. டயாலிசிஸ் முடிந்த கையோடு அசரியா வீட்டுக்கு வந்து, நைனாவையும் ஏற்றிக்கொண்டு ரேணிகுண்டா ரோடு வரை ஓட்டிப் பார்த்தாள். கார் பூப்போலப் போயிற்று. வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். அசரியாவும் அவளும் இறங்கிப் போய் டீ வாங்கி வந்தார்கள். திரும்பக் கிளம்பியதும் இந்தச் சத்தம்.

"சார், உண்மையைச் சொல்லுங்க. இது திருமலைக்கு ஏறி எறங்கின வண்டிதானே?" என்று சிட்டிபாபு முன்னால் சாய்ந்தான். "மலை வண்டிக்குத்தான் இப்படி சஸ்பென்ஷன் ஒடையும்."

"நான் எதுக்குப்பா திருமலைக்குப் போறேன்? ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற வண்டி இது."

"நீங்க போயிருக்க மாட்டீங்க. வாடகைக்கு வுட்டிருப்பீங்க."

"தம்பி, வாயை அடக்கிப் பேசு."

நளினி அசரியாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். சந்தையை விடக் குறைத்து விலை சொல்லியிருந்தார். மகன் வெளிநாட்டில் இருக்கிறான், இங்கே ஓட்ட ஆளில்லை என்றார். விலையைக் குறைத்து விற்கும்படி அப்படி என்ன அவசரம்?

"நைனா, நீ இன்னா சொல்ற?"

ஏழுமலை கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கையில் ஊசி குத்திய இடத்துக் கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. "சந்தேகம் வந்துட்டா வுட்டுடும்மா. சிட்டிபாபு பொய்யா சொல்லப் போறான்?"

நளினி மறுபடி கிளப்பினாள். கடகட. கொஞ்சம் வேகமெடுத்தாள். சத்தம் நின்றுவிட்டது. வேகத்தைக் குறைத்தாள். மறுபடி கடகட. மூன்று முறை செய்து பார்த்துவிட்டு ஓரங்கட்டினாள்.

"சிட்டிபாபு, சஸ்பென்ஷன் போயிருந்தா வேகமா போறப்பத்தானே ஜாஸ்தி ஆடணும்? இது மெதுவா போனாத்தான் கத்துது. பள்ளத்துல எறங்கினப்ப ஒண்ணுமே இல்ல."

"அது... ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு மாதிரி அக்கா."

"இந்தப் பக்கத்து பின்சக்கரத்துலதான் கேக்குது" என்று அசரியா இறங்கினார். நளினியும் போனாள். அவர் மண்டியிட்டு, சக்கரத்தின் மேல் பொருத்தியிருந்த பிளாஸ்டிக் மூடியை விரலை விட்டு இழுத்தார். படக்கென்று கழன்றது. உள்ளிருந்து மூன்று ஜல்லிக் கற்கள் ரோட்டில் உருண்டன. வேகமாகச் சுற்றும்போது மூடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, மெதுவானதும் உருண்டு கத்தியவை இவைதான்.

அசரியா கற்களைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு நளினியை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இல்லை.

"விலையைக் குறைக்கணும்னா நேரா கேட்டிருக்கலாமேம்மா. கல்லைப் போட்டா கேக்கணும்?"

"சார், சத்தியமா நான்..."

"மூடிக்குள்ள கல்லு தானா ஏறாது. டீக்கடையில நாம ரெண்டு பேரும்தான் எறங்கிப் போனோம். வண்டிகிட்ட இருந்தது உங்க ஆளுங்க."

நளினிக்கு முகம் எரிந்தது. ஒரு பெரிய மனிதரை இவ்வளவு நேரமும் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தாயிற்று. அவள் பின் கதவைத் திறந்தாள்.

"எறங்கு சிட்டிபாபு."

அவன் இறங்கினான். பேன்ட்டின் முழங்காலில் மண் ஒட்டியிருந்தது.

"முதல்ல பாத்த வண்டி தண்ணியில முங்கினதா?"

அவன் குனிந்து முழங்கால் மண்ணைத் தட்டினான்.

"ரேணிகுண்டா வண்டி அடிபட்டதா?"

"அக்கா, ரோட்டுல வெச்சு கேக்காதீங்க..."

"நான் கார் வாங்கிட்டா வாரத்துல மூணு வாடகை போயிடும். அதுக்குத்தானே இவ்வளவும்? உன்னைத் தம்பின்னு நெனச்சுக் கூட்டினு வந்தேன்டா. அன்னிக்கு நைனா மூச்சு வுட முடியாம கெடந்தது உனக்குத் தெரியாதா? இன்னொரு வாட்டி முறை தப்பினா நீயா பதில் சொல்லுவே?"

சிட்டிபாபு வாயைத் திறந்தான். காருக்குள் ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமா அக்கா. வாடகைக்காகத்தான் பண்ணேன். தப்புதான்."

இவ்வளவு சுலபமாக அவன் ஒப்புக்கொண்டது நளினிக்கு உறுத்தியது. டீ வாங்கித் தந்தால்கூட நான் கொடுக்கிறேன் என்று சண்டை பிடிக்கிறவன் அவன். நைனாவுக்குக் கால் வீங்கிய நாளில் ஆஸ்பத்திரிப் படியில் தூக்கிக்கொண்டே ஏறியவன். வாடகைக்காக இதைச் செய்வானா? ஆனாலும் செய்திருக்கிறானே.

"ஐயா, மன்னிச்சுக்குங்க" என்று அசரியாவிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன். நாளைக்கே ஆபீஸ்ல கடனுக்கு எழுதிக் குடுக்கறேன். சிட்டிபாபு, இன்னிக்கு எங்களை ஊர்ல வுட்டுடு. நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

காருக்குள் அசைவு கேட்டது. ஏழுமலை கட்டுப் போடாத கையால் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவனைத் திட்டாதே, கல்லைப் போடச் சொன்னது நான்தான், பொங்கலோட இந்த டயாலிசிஸை நிறுத்திக்கப் போறேன் நளினி, அப்புறம் அஞ்சு வருசம் இந்தக் காருக்கு நீ இன்னாத்துக்குக் கடன் கட்டிக்கினு கெடக்கணும்?"