சங்கு ஊதும்போது நிற்கும் அம்மி

“இதெல்லாம் நானா சொன்னேன், சவுந்தரம்?”

போன மாதம் கணவரின் பதில் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் குணவதி அக்கா இப்படிக் கேட்டபோது, “நீங்கதான் சொன்னீங்க, மறந்துட்டீங்க” என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேன்” என்று தலையாட்டினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நம்பிவிட்டார்.

அக்கா துறைமுகத்தை ஒட்டிய பசாரில் மசாலா அரைத்து, இலையில் வைத்து விற்பவர். அவர் கணவர் தங்கராஜு, கடலுக்கு அந்தப் பக்கம் சுமாத்திராவில், டெலி புகையிலைத் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டுகிறார். இரண்டு வருஷ ஒப்பந்தம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. நான் மாதாகோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அக்காவிடம் மட்டும் வரும்.

கணவர் திரும்பும்வரை மாதம் ஒரு கடிதம் நான் எழுதித் தர வேண்டும். அங்கிருந்து வருவதைப் படித்துக் காட்ட வேண்டும். கூலியாக மாதம் ஒரு நோட்டுப் புத்தகம். நான்தான் அப்படிக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவற்றை நிரப்பி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பது அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

அக்கா சொல்லச் சொல்ல எழுதி, திரும்பப் படித்துக் காட்டுவேன். அவர் கேட்டு முடித்து, மஞ்சள் கறை போகாத கட்டைவிரலைத் தாளின் அடியில் அழுத்துவார். மையே தேவையில்லை. மிளகாய் சரியில்லை, காலில் வெடிப்பு, கொசுவலை கிழிந்துவிட்டது. இவைதான் அவர் சொல்பவை. தாளில் பாதி இடம் சும்மா கிடக்கும். ஒரு முறை அந்த இடத்தில் நானாக எழுதினேன்: ‘டெலிக் கப்பல் சங்கு ஊதும்போது அம்மியை நிறுத்திவிடுவேன். ஊதி முடியும்வரை அரைப்பதில்லை.’ படித்துக் காட்டும்போது அதைத் தாண்டிப் போனேன். அக்கா விரலை அழுத்திவிட்டார்.

ஏன் எழுதினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சங்கு ஊதும்போது நிற்பது என் பேனா. அதன் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் ஏதாவது இரண்டு வரி சேர்ந்துகொண்டது.

சனிக்கிழமை என் வீட்டு முகவரிக்கு வந்த, இன்னும் அக்காவுக்குப் படித்துக் காட்டாத கடிதத்தில் தங்கராஜு அண்ணன் எழுதியிருந்தார்: ‘கங்காணி மறுபடி மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்டார். மாட்டேன் என்றேன். நீ அம்மியை நிறுத்துகிறாய் என்று படித்ததிலிருந்து இங்கே இருக்க முடியவில்லை. வந்து சங்கு ஊதும் நேரத்தில் உன் பக்கத்தில் உட்கார வேண்டும்.’

நான் நல்லது செய்தேனா, கெட்டது செய்தேனா? அவர் வருவது நல்லதுதானே? ஆனால் யாரைப் பார்க்க வருகிறார்? உண்மையைச் சொன்னால் நோட்டுப் புத்தகமும் போகும், என்னோடு பேசுகிற ஒரே ஆளும் போவார். சொல்லாவிட்டால் அண்ணன் வந்து, நிற்காத அம்மியைப் பார்ப்பார். எழுதுவதை விட்டுவிட்டால் போதும் என்று தோன்றியது. காரணம் சொல்ல வேண்டாம்.

மத்தியானம் அக்கா புது நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அக்கா, இனிமே நான் எழுதலக்கா. வேற யாரையாச்சும் பாருங்க.”

“ஏன்? மாப்பிள்ளை பாத்துட்டாங்களா? சொல்லவே இல்ல பாரு, கள்ளி!”

“அதெல்லாம் இல்லக்கா.”

“அப்புறம் என்னலா? அவரு வர இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு. என் மசாலாவுல உப்பு கூடிப்போச்சுன்னா, வாங்குறவ மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் வேற கடைக்குப் போவா. நீயும் சொல்லிட்டுப் போ.”

சொல்லிவிட்டேன். எல்லா வரிகளையும் சொன்னேன். சனிக்கிழமைக் கடிதத்தையும் ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா இரண்டு முறை, “சத்தமா” என்றார்.

“நான் அம்மிய நிறுத்துனதே இல்லையே, புள்ள. அரைக்கிற சத்தத்துல சங்கு எங்க கேக்குது?” அவர் கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. சந்தேகம் கேட்பதுபோல் இருந்தது.

“தெரியும்க்கா.”

“வராருங்கிற. இதுக்காகவா வராரு?”

நான் சனிக்கிழமைக் கடிதத்தை மடித்தேன்.

“சரி. நான் சொன்னதுக்கு ஏதாச்சும் பதில் எழுதியிருக்காரா? நானா சொன்னதுக்கு. பாத்துச் சொல்லு.”

என்னிடம் இருந்த பழைய கடிதக் கட்டை அவிழ்த்தேன். பதினேழு இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மிளகாய் பற்றி இல்லை. காலில் வெடிப்பு பற்றி இல்லை. அக்கா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயாவது ஒரு வரி இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். நானே ஒன்றை உண்டாக்கிப் படித்துவிடலாம் என்றுகூட வாய்வரை வந்தது. பதினோராவது கடிதத்தின் ஓரத்தில், குறுக்காக, கிடைத்தது.

“‘கொசுவலை கிழிந்தால் தைத்துக்கொள்.’”

“இன்னொரு வாட்டி படி.”

படித்தேன்.

“இது எனக்குத்தான?”

“உங்களுக்குத்தான்க்கா.”

அக்கா அந்தத் தாளை வாங்கி, எழுத்து எந்தப் பக்கம் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் இருந்தது சிரிப்பா, வேறா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதை மட்டும் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். மற்ற பதினாறும், சனிக்கிழமைக் கடிதமும், புது நோட்டுப் புத்தகமும் பாயில் கிடந்தன. அவற்றை எடுத்து நீட்டினேன். அவர் எதையும் வாங்காமல் எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, வாசல் பக்கம் நடந்தார்.