கன்று வீச்சு

காலை பத்து இருபதுக்கு மருத்துவர் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினார். தம்பியின் முதுகெலும்பில் இரண்டு கணுக்கள் எலி கரம்பியதுபோல் இருந்தன.

“காசநோய்னு நினைச்சு நாலு மாசம் மருந்து குடுத்திருக்காங்க. இது வேற. மாட்டுக்கிட்டேருந்து வர்ற கிருமி, ரத்தத்துல தெரிஞ்சிருச்சு. காய்ச்சல் அடிச்சிருந்தா யாராவது யோசிச்சிருப்பாங்க. இவருக்கு வெறும் முதுகுவலியா வந்திருக்கு. மாடு வச்சிருக்கீங்களா?”

“எனக்கு வேன் ஓட்டத்தான் தெரியும் டாக்டர்,” என்றான் தம்பி. “மாட்டுச் சகவாசமெல்லாம் அண்ணனுக்கு.”

கட்டிலருகே நின்ற அண்ணன் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். இருபத்திரண்டு வருட வேலை. எந்தப் பசு கன்று வீசினாலும், அதாவது மாதம் நிறையுமுன் செத்த கன்றைப் போட்டாலும், ரத்தம் எடுத்து அனுப்புவது அவர்தான். வெறுங்கையால் தொடாதே என்று ஊருக்கெல்லாம் தொண்டை வற்றச் சொல்வதும் அவர்தான்.

போன வருடம் ஒருநாள் அவர் பைக் மக்கர் செய்தது. தம்பியின் வேனில் ஒரு பண்ணைக்குப் போனார். பசு கன்று வீசியிருந்தது. நஞ்சுக்கொடி விழாமல் தொங்கியது. தோள்வரை கையுறை மாட்டி அதை வெளியே எடுத்தார். ஏந்திப் பிடிக்க ஆளில்லை.

“டேய், இங்க வந்து பிடி.”

“எனக்குக் கையுறை?”

“இருந்தது ஒண்ணுதான். சோப்பு என் பையில இருக்கு, அப்புறம் கழுவிக்க. மாப்பிள்ளை கை தேஞ்சு போயிடாது.”

தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஏந்தினான். ஜாக்கி திருகி அவன் விரலில் தோல் உரிந்திருந்தது.

பசுவுக்கு நோய் உறுதி என்று பன்னிரண்டு நாளில் முடிவு வந்தது. அண்ணன் பண்ணைக்காரரிடம் சொன்னார். பால் எடுப்பவரிடம் சொன்னார். பதிவேட்டில் எழுதினார். தம்பி வேன் ஓட்டுகிறவன். அவன் நினைப்பே வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, “வேலைன்னா வளையுது, சோறுன்னா நிமிருது. கெட்டிக்கார முதுகுடா” என்று சிரித்தார். என்ன தொழில் என்று முதல் மருத்துவர் கேட்டதற்கும் அவரே முந்திக்கொண்டு பதில் சொன்னார்: “டிரைவர் சார். சீட்டு சரியில்ல.”

இப்போது தம்பியின் இடது பாதம் எழவில்லை.

“மருந்தை மாத்திடலாம். ஆபரேஷனும் வேணும். கால் எவ்வளவு சரியாகும்னு இப்ப சொல்ல முடியாது,” என்றார் மருத்துவர். “மாட்டைத் தொட்டதே இல்லையா?”

“ஒரு தடவை தொட்டான்,” என்றார் அண்ணன். “நான்தான் தொட வச்சேன்.”

அவர் தேதி சொன்னார். மருத்துவர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பண்ணைக்குப் போன அன்று பையின் அடியில் இன்னொரு கையுறை இருந்தது. மறுநாள் வேலைக்கு ஆகும் என்று ஒதுக்கி வைத்தது. அதை அண்ணன் சொல்லவில்லை.

தம்பி இடது காலைக் கையால் தூக்கிப் போர்வைக்குள் வைத்தான்.

“அண்ணே, அன்னிக்கு சோப்பு எடுக்க உன் பையைத் துழாவினேன்ல. அடியில ஒரு கையுறை மடிப்புக் கலையாம கிடந்துச்சே, அதை யாருக்கு வச்சிருந்த?”