உண்ணியால் காய்ச்சல்

“பேரைச் சொல்லாம திருத்தம் போட்டா எவனுக்கு அண்ணாச்சி புரியும், உண்ணி கடைன்னே...”

“சொன்னா தெரியாதவனுக்கும் தெரிஞ்சிரும்லா! வாசுதேவநல்லூர்ல இருக்கவனுக்கு அந்தக் கடையே...”

“நாம போட்ட செய்தி அது.”

“பொய்யா போட்டோம்?” என்றார் மசூது.

பொய் போடவில்லைதான். வேல்விழியைக் குடைந்ததே அதுதான். தென்காசி கேபிள் செய்தியில் மசூது ஆசிரியர், அவள் வாசிப்பவள். மூன்று நாளைக்கு முன் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. குற்றாலத்தில் மூன்று பேருக்கு உண்ணிக் காய்ச்சல், புல்லிலும் புதரிலும் இருக்கும் பொடிப் பூச்சி கடித்து வருவது, பார்த்து உட்காருங்கள், காய்ச்சல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று நீளமாக எழுதியிருந்தார்கள். மசூது அதை ஒரே வரியாக நறுக்கினார்: ‘குற்றாலத்தில் உண்ணியால் காய்ச்சல், மூவருக்குச் சிகிச்சை.’ வேல்விழி அதை நிறுத்தி, அழுத்தி வாசித்தாள். பின்னால் ஓட்டுவதற்குப் போன வருஷத்துச் சாரல் சீசன் காட்சி ஒன்றை எடுத்துப் போட்டார்கள். அருவிக்குப் போகும் கூட்டம். கூட்டத்துக்கு மேலே ‘உண்ணி டீ ஸ்டால்’ என்று பெரிய பலகை.

மலையாளத்தில் உண்ணி என்றால் சின்னப் பிள்ளை. குற்றாலத்திலோ, முப்பது வருஷமாக அங்கே டீ ஆற்றுகிற மலையாளத்துக்காரர் ஒருவர்தான் உண்ணி. மாட்டின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணி ஒருவர் நினைவுக்கும் வரவில்லை.

நாலு நாளில் ஜனம் மறந்துவிடும், கிளறாதே என்றார் மசூது. சாரல் சீசனே இன்னும் பத்து நாள்தான், அதற்குள் அந்த மனுஷன் கடையை மூடிவிடுவார் என்றாள் வேல்விழி. ஆறு மணிச் செய்திக்குள் அவரையே கேட்டு வருகிறேன் என்று பஸ் ஏறிவிட்டாள்.

ஏறியபின் இன்னொரு ஆசையும் வந்தது. தன் வாயிலிருந்து போன ஒரு வரி எப்படியெல்லாம் நடந்து எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் பிச்சையா, ஆள் வரும்வரை புல் மண்டிய சரிவில் காலை நீட்டிக் கிடந்தார். உண்ணி கடைப் பாலில் ஏதோ கோளாறு, குடித்த மூன்று பேர் படுத்த படுக்கை என்றார். பார்த்தீர்களா? இல்லை. லாட்ஜில் சொன்னார்களா? லாட்ஜ்காரர்களுக்கே அவர்தான் சொன்னாராம். அவருக்கு யார் சொன்னது?

பிச்சையா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“என்னம்மா இப்படிக் கேக்குதிய? நீங்கதான சொன்னிய, டிவில.”

அவளுக்குக் காது சுட்டது. காய்ச்சல் டீயில் இல்லை, நீங்கள் கிடக்கிற இந்தப் புல்லில்தான் என்றாள். பிச்சையா சிரித்தார். பாபநாசத்திலிருந்து இங்கே வரைக்கும் படுக்காத புல்லா என்று கேட்டுவிட்டு இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

உண்ணியின் கடையில் பெஞ்சு காலி. பக்கத்துக் கடைகளில் நனைந்த தலைகள் நெருக்கியடித்தன. யாரென்று அவள் சொன்னபோது அவர் முகம் சுளிக்கவில்லை. கேட்காமலே ஒரு டீ போட்டு அவள் முன்னால் வைத்தார். அவள் ஒவ்வொன்றாக விசாரித்தாள். முதல் நாள் ஜனம் பலகையைப் படித்துவிட்டுப் படித்துவிட்டு நடந்ததாம். இரண்டாம் நாள் லாட்ஜிலிருந்து போன் வந்ததாம், இனி டீ அனுப்ப வேண்டாமென்று. ஒரு பெண்பிள்ளை கடைக்கு முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியதை அவர் நடித்தே காட்டினார். காய்ச்சல் மூக்கு வழியாக ஏறும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று இருவருமே யோசித்துப் பார்த்தார்கள்.

கடைசியில் வேல்விழி வந்த விஷயத்துக்கு வந்தாள். இன்றைக்குச் செய்தியில் பூச்சியைப் பற்றி விளக்கமாக, முழுதாக வாசிப்பாள். கூடவே அவர் கடைக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று பேர் சொல்லிச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? அவர் எதைச் சொன்னாலும் ஆசிரியரோடு சண்டை போட்டாவது அப்படியே வாசிப்பாள்.

உண்ணி தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதப் பெறகு பேசலாம் மோளே. வந்து அரை மணி நேரமாச்சு, நீ ஏன் இன்னும் அந்தச் சாயாவத் தொடல?”