கொதிக்க வைத்த தண்ணீர்

மகாதேவி நன்னாரி வேர் ஊறப் போட்டால் அந்த மணம் டிஸ்பென்சரி வாசல் வரைக்கும் வரும் என்று தோட்டத்துச் சனங்கள் சொல்வார்கள். ஓப்பநாயக்கவிலிருந்து இரண்டு மைல்கட்டை தூரத்தில், பாதி தேயிலையும் பாதி றப்பருமாகக் கிடந்த அந்தத் தோட்டத்துக்கு அவள் வந்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. கணவன் சண்முகநாதன் அங்கே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். இரண்டு பேரும் யாழ்ப்பாணம். பிள்ளை இல்லை.

வேரை நன்றாகக் கழுவி, நசுக்கி, கொதித்து ஆறிய தண்ணீரில் போட்டு, ஈர மணலில் பதித்த மண்பானையில் ஓர் இரவு விடுவாள். காலையில் வடித்துத் தேசிக்காய் பிழிந்து, கித்துள் மரத்துக் கருப்பட்டி கரைத்து, ஊறிய கசகசாவைக் கலப்பாள். வெயிலில் வந்தவர்கள் ஒரு குவளை குடித்தால் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். அதுதான் அவளுக்குக் கிடைத்த புகழ்ச்சி.

அவள் கைமருந்தும் செய்தாள். வயிற்றுப்போக்கு என்று தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த லயத்துப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தால் மாதுளம் ஓடும் வில்வக்காயும் போட்டு அவித்த குடிநீர் கொடுப்பாள். உப்புப் போட்ட கஞ்சித் தெளிவைக் கரண்டி கரண்டியாகப் பருக்கச் சொல்லுவாள். டிஸ்பென்சரியில் விளக்கெண்ணெயும் காய்ச்சலுக்கான கொயினா மருந்தும் தவிர வேறு பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. அதனால் சண்முகநாதன் மனைவியைக் கேலி செய்தாலும் தடுக்கவில்லை. சில நேரம் அவனே, "உள்ளுக்குப் போய் அம்மாவைப் பார்" என்று சனங்களை அனுப்பியும் வைத்தான்.

அந்த வருடம் தை மாதம் முழுக்க ஒரு துளி மழை விழவில்லை. மழைக்குப் பேர்போன அந்த மலையில் ஊற்றுநீர் விழும் பீலிகள் வற்றி, பெண்கள் குளித்த இடத்தில் பாசி காய்ந்து உரிந்தது. மேல் ஊற்று நின்றுபோனதால் எல்லோருக்கும் கீழ் ஓடைத் தண்ணீர்தான். லயத்துக்குத் தகரத்திலும், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்கு மாட்டு வண்டியில் பீப்பாயிலும் போயிற்று. அந்த ஓடைக்கு மேலேதான் மூன்று லயத்துச் சனங்களும் காலையில் ஒதுங்கும் சரிவு இருந்தது. அது துரைக்கும் தெரியும், டிஸ்பென்சருக்கும் தெரியும், கண் உள்ள எவருக்கும் தெரியும்.

தை கடைசியில் சீதபேதி தொடங்கிற்று. இரண்டு கிழமைக்குள் பதினொரு பிள்ளைகளை மகாதேவியின் குசினி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கைக்குழந்தையும் இரண்டு கிழவர்களும் செத்துப் போனார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அவள் ஒவ்வொருத்திக்கும் சொன்னாள். விடியுமுன் பேர் பதியப் பிரட்டுக்களத்துக்கு ஓடுகிறவர்களுக்கு விறகு ஏது, நேரம் ஏது.

இரத்தினபுரி அரசாங்க டாக்டருக்கு அறிவித்தால் என்ன என்று அவள் கணவனைக் கேட்டாள். அறிவித்தால் தோட்டத்தைப் பூட்டிவிடுவார்கள், கொழுந்து முற்றிப்போகும், துரை தன்னைச் சும்மா விடமாட்டார் என்றான் அவன். டிஸ்பென்சரிப் புத்தகத்தில் செத்தவர்களின் பெயருக்கு நேரே காய்ச்சல் என்று எழுதியிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதைப் பிற்பாடு பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

துரைசானிக்கு அந்தச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் டிஸ்பென்சரிக்கு வந்தவள் மகாதேவி கொடுத்த நன்னாரித் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு தினமும் மதியத்தில் பங்களாச் சமையற்காரன் அப்பு, துரைசானிக்கும் அவள் மகனுக்குமாகக் கண்ணாடிக் கூசாவோடு வந்து நிற்கத் தொடங்கினான். மகாதேவிக்குப் பெருமையாக இருந்தது. பங்களாவுக்குப் போகிற பானம் என்று தண்ணீரை ஒருமுறைக்கு இரண்டு முறை கொதிக்க வைத்தாள்.

மாசி நடுவில் துரையின் மூன்று வயது மகனுக்கு இரத்தமாகப் போயிற்று.

இரத்தினபுரியிலிருந்து அரசாங்க டாக்டர் காரில் வந்தார். சாந்தமான மனிதர். என்ன சாப்பிட்டது, எந்தத் தண்ணீர் என்று எல்லாம் விசாரித்தார். மகாதேவியையும் கூப்பிட்டு நன்னாரித் தண்ணீர் செய்யும் முறையைக் கேட்டார். அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். தோட்டத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று சண்முகநாதனைக் கேட்டபோது, இல்லை ஐயா என்றான் அவன். துரை பக்கத்தில் நின்றார்.

அன்று பின்னேரம் சண்முகநாதன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். கையில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது.

"இஞ்சை பாரும், மகாதேவி. அந்தப் பிள்ளைக்கு எங்கையிருந்து வந்ததெண்டு டாக்டருக்கு நாளைக்கு எழுத்திலை குடுக்க வேணும். தண்ணியை ஒழுங்காக் கொதிக்க வைக்கேல்லை எண்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடும்."

"நான் கொதிக்க வைச்சனான்."

"அது எனக்குத் தெரியும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

ஓடை என்று எழுதினால் லயத்து நோய் வெளியே வரும், மறைத்தது யார் என்று கேட்பார்கள், தன் சேர்ட்டிபிக்கட்டையே பறித்துவிடுவார்கள் என்றான். வேலை போய் ஊருக்குத் திரும்பினால் எந்த முகத்தோடு கோயிலடியால் நடப்பது என்றான். அவளுக்கு யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை, பெண்பிள்ளை, அறியாமல் செய்துவிட்டாள் என்று விட்டுவிடுவார்கள் என்றும் சொன்னான். கடைசியில், "என்னைக் காப்பாத்தும்" என்றான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவன் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

ஒரு வரிதானே, பழி வந்தால் தன் தலையோடு போகட்டும் என்று நினைத்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் பழகிய அழகான எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

துரையின் மகன் பிழைத்துக்கொண்டான். ஆனால் துரைசானி அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று பிடித்த பிடியில் நின்றாள். மூன்றாம் நாள் காலை பிரட்டுக்களத்தில் பெரிய கங்காணி சத்தமாக அறிவித்தார். டிஸ்பென்சர் வீட்டு அம்மா கையால் யாரும் எதுவும் வாங்கிக் குடிக்கக் கூடாது, அவர் கொடுத்த தண்ணீரால்தான் துரையின் பிள்ளை சாகக் கிடந்தது, அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார், மீறினால் வேலைப் புத்தகத்தில் பெயர் வெட்டப்படும் என்று. இதைச் சண்முகநாதன் அவளிடம் சொல்லவில்லை. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பெண்கள் விலகி நின்றதைப் பார்த்துத்தான் அவளுக்கு விளங்கிற்று.

குசினி வாசலுக்கு யாரும் வரவில்லை. நோய் மட்டும் நிற்கவில்லை; இன்னும் மூன்று பேர் செத்தார்கள். காரணம் தெரிந்துவிட்டது என்று எழுதியாயிற்று, பிறகு ஓடையைப் பார்க்க யார் வரப்போகிறார்கள். பங்களாவுக்கு மட்டும் ஓப்பநாயக்கவிலிருந்து கிணற்றுத் தண்ணீர் ஏற்பாடாகியிருந்தது.

இரண்டாம் லயத்தில் முத்துவீரன், தங்கம்மா என்று ஒரு குடும்பம். அவர்களுடைய மகள் அஞ்சலைக்கு ஐந்து வயது. தை மாதம் ஒருமுறை வயிற்றுப்போக்கு வந்து மகாதேவியின் கஞ்சித் தெளிவில் எழும்பி நடந்த பிள்ளை. அவளுக்கு மறுபடி வந்திருக்கிறது, நான்கு நாளாயிற்று, கண் உள்ளே போய்விட்டது என்று மகாதேவியின் காதில் விழுந்தது. அவள் செம்பில் கஞ்சித் தெளிவை ஊற்றி மூடிக்கொண்டு பட்டப்பகலில் லயத்துக்கு நடந்தாள்.

முத்துவீரன் தன் லயத்து அறையான காம்பிராவின் வாசலில் எழுந்து நின்றான். உள்ளே விடவில்லை.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்கன்னு சொல்றாங்க."

"அது பொய், முத்துவீரன். பொய்க்குத்தான் கையெழுத்துப் போட்டனான்."

"அப்ப எது நெசம்?"

"ஓடைத் தண்ணி. பங்களாப் பிள்ளைக்கும் அதுதான், உங்கடை பிள்ளைக்கும் அதுதான்."

அவன் உள்ளே திரும்பிப் பார்த்தான். உள்ளே பிள்ளை முனகுவது கேட்டது. தங்கம்மா எழுந்து வரவில்லை.

"அத தொரகிட்ட போய் சொல்லுங்கம்மா," என்றான் கடைசியில். "அவரு சொன்னா நா வாங்கிக் குடுக்கிறேன். பேரு வெட்டுனா மத்த ரெண்டு புள்ளைகளையும் கூட்டிகிட்டு நா எங்க போவேன்?"

மகாதேவி செம்பை வாசற்படியில் வைத்துவிட்டு அப்படியே பங்களாவுக்கு ஏறினாள். ஆறு வருடத்தில் ஒருதரம்கூட அவள் தனியாக அந்தப் படியில் கால் வைத்ததில்லை. துரை விறாந்தையில் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத் தமிழ் அவருக்கு நன்றாக வரும். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: ஓடையை, செத்தவர்களை, இரண்டு முறை கொதிக்க வைத்த தண்ணீரை, அந்த ஒரு வரியை. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. காகிதத்தை மடித்து வைத்தார்.

"ஓடை சங்கதி தை மாசமே ஒங்க வீட்டு ஐயா எனக்கு சொல்லியாச்சு," என்றார். "இப்ப அது முடிஞ்ச பேச்சு. நீங்க எழுதினது ஆபீசுல இருக்கு. வீட்டுக்குப் போங்க."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தான் காப்பாற்றியது கணவனை மட்டும் அல்ல, துரையையும்தான். கணவனுக்கு அது முன்பே தெரியும்.

இறங்கி வரும்போது இரண்டாம் லயத்தைக் கடந்தாள். செம்பு வைத்த இடத்திலேயே மூடியோடு இருந்தது. அடுத்த நாள் காலை கொழுந்துக்குப் போகும் நேரத்தில் அஞ்சலை செத்துப் போனாள். தங்கம்மாவுக்கு அன்றைக்கு அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போட்டார்கள்.

டிஸ்பென்சரிப் புத்தகத்தில் இந்தத் தரம் என்ன எழுதப் போகிறீர்கள் என்று மகாதேவி கேட்டாள். சண்முகநாதன் சாப்பாட்டைப் போடச் சொன்னான். மத்தியானம் அவன் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த பிறகு அவள் புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். பலவீனம் என்று இருந்தது. அவள் தாளை எடுத்து, தெரிந்த இங்கிலீசில் இரத்தினபுரி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினாள். செத்த ஏழு பேரின் பெயரையும் நாளையும் வரிசையாக எழுதினாள். குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு கட்டை நடந்து தபாலில் போட்டுவிட்டு வந்து இராச்சாப்பாட்டுக்கு உலை வைத்தாள்.

எட்டாம் நாள் டாக்டரும் இரண்டு உத்தியோகத்தரும் வந்தார்கள். ஓடைக்குக் காவல் போட்டார்கள், லயம் லயமாக மருந்து கொடுத்தார்கள், சரிவில் குழி வெட்டச் சொன்னார்கள். பங்குனியில் மழையும் பிடித்தது. நோய் ஒரு கிழமையில் அடங்கிற்று. அத்தனை சுலபமாக அடங்கியதைப் பார்க்கத்தான் மகாதேவியால் தாங்க முடியவில்லை.

விசாரணை ஆபீசில் நடந்தது. தனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, டிஸ்பென்சர் எழுதியதை நம்பினேன் என்றார் துரை. தை மாதமே சொன்னேன் என்றான் சண்முகநாதன். எழுத்தில் கொடுத்தாயா என்று கேட்டார்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி மகாதேவி ஒருத்திதான். பங்களா விறாந்தையில் துரையே தன்னிடம் ஒத்துக்கொண்டார் என்று அவள் சொன்னாள். முன்பு ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நீதானே என்று கேட்டார்கள். ஓம் என்றாள். அதோடு அவள் சாட்சி முடிந்தது. துரைக்கு ஒன்றும் நடக்கவில்லை. சண்முகநாதனுக்கு வேலையும் போயிற்று, சேர்ட்டிபிக்கட்டும் போயிற்று.

சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்று லயத்திலிருந்து யாரும் வரவில்லை. மகாதேவி தானே தங்கம்மாவைத் தேடிப் போனாள். மன்னிப்புக் கேட்கவா, வேறெதற்கா என்று அவளுக்கே தெளிவில்லை. தங்கம்மா றப்பர் மரத்தடியில் கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். கடிதம் எழுதியது தான்தான், அதனால்தான் டாக்டர் வந்தார் என்று மகாதேவி சொல்லிப் பார்த்தாள்.

"தெரியும்மா," என்றாள் தங்கம்மா. கை வேலையை விடவில்லை. "எட்டு புள்ள இன்னைக்கு எந்திரிச்சு நடக்குதுன்னா ஒங்களாலதான். எல்லாரும் சொல்றாங்க."

பிறகு கயிற்றைப் பல்லால் இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆனா ஒங்களுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு. எம் மக செத்தப்புறம் எழுதுன கடுதாசிய அதுக்கு முன்ன எழுதிருக்கலாம். எழுதத் தெரிஞ்சவுக நீங்க. நா கைநாட்டு."

தங்கம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

ஓப்பநாயக்க ஸ்டேசனில் ரயில் ஏறினார்கள். பெட்டியில் உட்கார்ந்து, வண்டி அசைந்து, தேயிலைச் சரிவுகள் பின்னால் போகத் தொடங்கிய பிறகு, சண்முகநாதன் அவளைப் பார்க்காமலே பேசினான்.

"டாக்டருக்குப் போன கடிதத்தை எனக்குக் காட்டினவை. உம்மடை எழுத்தை நான் உடனையே அறிஞ்சனான்."

"முதல் எழுதினதும் என்ரை எழுத்துத்தான்," என்றாள் மகாதேவி. "அதை உங்களுக்கு வடிவாத் தெரியும்."

இரத்தினபுரியில் வண்டி நின்றபோது அவன் இறங்கிப் போனான். கடை வாசலில் நின்று, சனத்தோடு சனமாக, அவசரமில்லாமல் ஆறுதலாகத் தேத்தண்ணீர் குடித்தான். அவளுக்கு ஒன்றும் வாங்கி வரவில்லை. கொழும்பு போய்ச் சேரும் வரைக்கும் அவளும் கேட்கவில்லை.