எது எதோடு உரசும்

பட்டறையில் எல்லோருக்கும் அவள் லேத்தக்கா. இருபத்தாறு வருஷம் லேத் மெஷின் முன்னால் நின்றபடியே இரும்பைக் கடைந்தவள். ஐம்பத்தொரு வயதில் வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், காலை ஊன்றினால் உயிர் போய் உயிர் வந்தது. செயற்கை மூட்டு வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குத் தம்பியும் கூட வந்தான். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, அவளை விட்டுவிட்டு அவனிடம் பேச ஆரம்பித்தார்.

"கிண்ணத்துக்குள்ள பந்து சுழலுற மாதிரிதான் இடுப்பு மூட்டு. உலோகப் பந்து, பிளாஸ்டிக் கிண்ணம். உங்க அக்காவுக்கு அது போதும். இனி வீட்டுல உட்கார்ந்திருக்கப் போறவங்கதானே?"

"நீங்க பார்த்துச் செய்ங்க சார்," என்று தம்பி தலையாட்டினான்.

லேத்தக்காவுக்குச் சுருக்கென்றது. "டாக்டர், இடுப்பு என்னோடது. என்கிட்ட பேசுங்க. வீட்டுல உட்காரப் போறேன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"அக்கா, சும்மா இரேன்."

"நீ சும்மா இருடா. டாக்டர், அந்தப் பந்து என்ன உலோகம்?"

"கோபால்ட் குரோமியம்மா. எல்லாருக்கும் போடுறதுதான்."

"அதுல நிக்கல் கலந்திருக்கா?"

டாக்டர் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கொஞ்சூண்டு இருக்கும். ஏன்?"

"எனக்கு நிக்கல் ஆகாது. கடிகாரம் கட்டினாலே மணிக்கட்டு வெடிச்சிடும். தோல் டாக்டர் டெஸ்ட் பண்ணிச் சொன்னது. உங்க ஃபாரத்துல ரெண்டாவது பக்கத்துல எழுதிக் கொடுத்திருக்கேனே!"

டாக்டர் தாளைப் புரட்டினார். கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் முகம் லேசாகச் சிவந்தது.

"தோலுக்கு ஆகாதது மூட்டுக்கும் ஆகாதுன்னு கட்டாயம் இல்லம்மா."

"ஆகும்னும் கட்டாயம் இல்லையே?"

டாக்டர் நர்ஸை அனுப்பி, செயற்கை மூட்டு மாதிரிகள் இருந்த பெட்டியை எடுத்துவரச் சொன்னார். லேத்தக்கா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, நகத்தால் வருடி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பீங்கான் பந்தின் வழவழப்பு அவளையே அசத்தியது. அவள் கடைந்த எதுவும் அப்படி வந்ததில்லை.

"இது உடையுமா?"

"ரொம்ப அபூர்வம். ஆனா உடைஞ்சா துண்டு துண்டா எடுக்கணும். மறுபடி பெரிய ஆபரேஷன்."

அவள் பந்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். பயம் இல்லாமல் இல்லை. பிறகு பந்தை மேஜையில் வைத்தாள். "பீங்கான் பந்து, தேயாத ரக பிளாஸ்டிக் கிண்ணம், தொடை எலும்புல இறங்குற தண்டு டைட்டானியம். சரியா வருமா?"

"வரும். தாராளமா வரும்," என்றார் டாக்டர்.

"அப்போ அதை ஃபாரத்துல எழுதுங்க. அந்த இடம் காலியா இருக்குறவரைக்கும் கையெழுத்து கிடையாது."

"மானத்தை வாங்காதக்கா," என்று தம்பி முணுமுணுத்தான்.

"வலிக்குறது எனக்கு. உன் மானம் வெளியில போய்க் காத்திருக்கட்டும்."

டாக்டர் எழுதினார். அவள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

நாலு மாசம் கழித்து அவள் பட்டறைக்குப் போனபோது, முதலாளி பரிவோடு ஒரு நாற்காலியைக் காட்டினார். "இனிமே இங்க உட்கார்ந்து சாமான் சரிபார்த்தா போதும்மா."

"உட்காரத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேனா? மூணு மணி நேரம் நிக்கலாம்னு டாக்டர் எழுதியே கொடுத்திருக்கார்."

அவள் மெஷினில் வேறொருவன் நின்றிருந்தான். லேத்தக்கா அவன் தோளைத் தட்டினாள்.

"தள்ளு."