திரையில் பில்சுன் அக்காவின் முகம்

பில்சுன் அக்காவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும், மருத்துவமனையில் நடக்கும் சாப்பாட்டு வகுப்புக்குத் துணையாக நான்தான் போனேன். கொரியாவின் தேகு நகரச் சந்தையில் அவளுடைய தொக்பொக்கி வண்டிக்கு அடுத்தது என் மீன்கடை.

வகுப்பு எடுத்தவள் சேரின் என்ற சின்னப் பெண். திரையில் ஒரு படம் போட்டாள். மிளகாய்க் குழம்பில் அரிசிமாவுத் துண்டுகள் கொதித்துக்கொண்டிருந்தன. பின்னால் கரண்டியும் கையுமாக ஒருத்தி. மேலே கொட்டை எழுத்தில் ‘உங்கள் எதிரி’.

“அது என் மூஞ்சி!” அக்கா எழுந்துவிட்டாள்.

சேரினுக்கு முகம் வெளுத்தது. “அம்மா, நெட்ல கிடைச்ச படம்... தொக்பொக்கில மாவுச்சத்தும் சர்க்கரையும் ஜாஸ்தி, உப்பும் ஜாஸ்தி. அதைச் சொல்லத்தான்...”

“நல்லா சொல்லு! பாகு ஊத்துறவளே நான்தான், எனக்குத் தெரியாதா? கூட முட்டை வெச்சுக்க, கோஸ் சேத்துக்க, பாதித் தட்டோட நிறுத்துன்னு சொல்லு. எதிரின்னு எதுக்குடி என் மூஞ்சியப் போட்ட? கீழ மெஷின் வெச்சு கலர் தண்ணி விக்கிறீங்களே, அந்தக் கம்பெனி முதலாளி மூஞ்சி கிடைக்கலியா?”

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். படத்தை எடுத்துவிடுவதாகச் சேரின் தலைகுனிந்து சொன்னாள்.

எடுத்தாள்தான். அடுத்த வாரம் அதே ‘உங்கள் எதிரி’க்குக் கீழே எங்கள் சந்தையில் வண்டி போட்டிருக்கும் மால்கும் என்பவள், எண்ணெய் சொட்டச் சொட்ட ஹொத்தோக் என்ற இனிப்பு அடையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டதிலிருந்து மால்குமோடு அக்கா பேசியே பல வருஷம் ஆகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அக்கா, உன் ஆசை நிறைவேறிடுச்சு.”

“வாய மூடு.”

வகுப்பைப் பாதியில் விட்டு நேரே சந்தைக்குத் திரும்பினாள். மால்கும் வண்டி முன்னால் போய் நின்றாள்.

“ஏய், அடுப்ப அணை. கிளம்பு என்கூட.”

“உன்கூட நான் எதுக்கு வரணும்?”

“உன் மூஞ்சிய அங்க திருடி மாதிரி மாட்டி வெச்சிருக்காங்க. உன்னைத் திட்டணும்னா நான் திட்டுவேன். அவங்க யாரு?”

மால்கும் ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

மருத்துவமனை இயக்குநர் அறைக்குள் இருவரும் போட்ட சத்தம் நடைவழி முழுக்கக் கேட்டது. கடைசியில் இயக்குநர் எழுந்து நின்று குனிந்து மன்னிப்புக் கேட்டார். படமும் போயிற்று, தலைப்பும் போயிற்று.

அக்காவுக்கு ஆறவில்லை. பஸ்ஸில் வரும்போதும், “எதிரியாம், எதிரி!” என்று பொருமினாள். மால்கும் அதைவிட உரக்கக் கத்தினாள்.

“அம்மா, கொஞ்சம் மெதுவா” என்றார் டிரைவர்.

இருவரும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள்.