பிஜிலியின் இமை

நாற்பத்தெட்டு மணி நேரம். அதற்குள் ஊசி போட்ட கண் வீங்கினால் குதிரையைச் சுட வேண்டும், வீங்காவிட்டால் பிழைத்தது என்று சொல்லிவிட்டு, மாட்டு டாக்டர் ஜீவராஜ் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ஒருமுறை கழுவியவர் மறுபடியும் கழுவினார். அதைப் பார்த்த பிறகுதான் குதிரைக்காரர் பஷீர் அகமதுவுக்கு விஷயம் உறைத்தது. ஜட்காவின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. வெள்ளிக்கிழமை அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வது ஜட்காவில்தான். மாதம் முழுக்க ஓடாத ஓட்டத்தைக் குதிரைகள் அந்த ஒரு நாளில் ஓடும்.

அறுபத்து நாலாம் வருஷத்து அடைமழை விட்டதும் அவர் குதிரை பிஜிலியின் கழுத்திலும் விலாவிலும் கொண்டைக்கடலை அளவுக்குக் கட்டிகள் எழும்பின. பிறகு பொருக்குத் தட்டின. பொருக்கைத் தொட்டால் முடியும் கொத்தாகக் கூட வந்தது. அடியில் சாம்பல் பூத்த மாதிரி வட்டமான தோல். அத்தோடு விட்டிருந்தால் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் நோயின் பெயரைச் சொல்லியிருப்பார். ஆனால் ஜட்கா ஸ்டாண்டில் எந்தச் சொறிக்கும் ஒரே மருந்துதான்: லாரி ஷெட்டில் வடித்த கறுப்பு என்ஜின் ஆயில். ஸ்டாண்டுக்குப் பெரியவர் அன்வர் பாஷாவே ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்பினார். பூசினார்கள். தோல் வெந்து, கட்டிகள் உடைந்து, தேன் நிறத்தில் நீர் வடிந்தது.

டாக்டர் குழம்பியது அந்த நீரைப் பார்த்துத்தான். கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய் உண்டு. அதிலும் இப்படித்தான் கட்டி உடைந்து வடியும். மற்றக் குதிரைகளுக்குப் பரவும், மனிதரையும் கொல்லும். அதற்கு மருந்து துப்பாக்கி ஒன்றுதான். அதுதானா என்று கண்டுபிடிக்கக் கீழிமையில் ஊசி போடுவதற்கு முன்னால் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்ல யாருக்காவது கையில, கழுத்துல வட்டமா படை வந்துச்சா? இருந்தா சொல்லுங்க. அப்போ இது வெறும் படை. ரெண்டு பேருக்கும் களிம்பு குடுத்துட்டுப் போயிடுவேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து பஷீரின் மனைவி மெஹராஜ் பேகம், "இல்லீங்க டாக்டர்" என்றாள்.

பக்கத்தில் அவள் மகள் முன்னி நின்றிருந்தாள். தினமும் பிஜிலியைத் தேய்த்து விடுகிறவள் அவள்தான். முழங்கைவரை இழுத்து விட்ட ரவிக்கைக் கைக்குள், இடது கையில், மூன்று வட்டங்கள் இருந்தன.

டாக்டர் போன பிறகு, சொல்லியிருக்கலாம் என்றாள் முன்னி.

"சொல்லு. தெருவுல நின்னு சொல்லு" என்றாள் மெஹராஜ் பேகம். "அப்புறம் நீயும் குதிரையும் ஒரே கொட்டாயில கட்டிக்கிட்டுக் கெடங்க."

அவள் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. அன்வர் பாஷாவின் மகனுக்கு முன்னியை நிச்சயம் செய்து இரண்டு மாதமாகியிருந்தது. பெண்ணின் உடம்பில் ஒரு தழும்பு என்றால் ஊர் படை என்று சொல்லாது, குஷ்டம் என்றுதான் சொல்லும். அனந்தபுரத்தில் கன்னத்தில் தேமல் விழுந்த ஒரு பெண்ணுக்கு மூன்று சம்பந்தம் தட்டிப்போனது மெஹராஜ் பேகத்துக்குத் தெரியும். களிம்பைக்கூட வேறு யாருக்கோ என்று சொல்லித்தான் வாங்கி வந்திருந்தாள். பஷீருக்கும் எல்லாம் தெரியும்.

மத்தியானம் அன்வர் பாஷா வந்தார். கூடவே ஜட்கா ஓட்டுகிற கன்னியப்பன், கையில் கயிற்றோடு. ஸ்டாண்டில் பேச்சு பரவிவிட்டது, ஜனங்கள் வண்டியில் ஏறவே யோசிக்கிறார்கள், அமாவாசை போனால் ஸ்டாண்டே போச்சு என்று அன்வர் பாஷா வரும்போதே ஆரம்பித்தார். குதிரையை ஏரிக்கரைக்கு ஓட்டிப்போய் முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பஷீர் எழுந்து நின்றார்.

முன்னி உள்ளேயிருந்து வந்தாள். அவிழ்த்து நிறுத்தியிருந்த ஜட்காவைத் தனியாளாகத் தள்ளிக் கொட்டகை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினாள். சக்கரத்துக்கு ஒரு கல்லையும் முட்டுக் கொடுத்தாள்.

"டாக்டர் சொன்ன நேரம் இன்னும் முடியல, மாமா."

கன்னியப்பன் சிரித்தான். "இன்னா பாய், கோட்டையில இருந்த ராஜா குதிரையா இது? பொண்ணே காவலுக்கு நிக்குது."

"ராஜா குதிரையா இருந்தா நீ கயிறு எடுத்துனு வந்திருப்பியா அண்ணே?" என்றாள் முன்னி.

அன்வர் பாஷா சிரிக்கவில்லை. "நாளைக்கு என் ஊட்டுக்கு வரப்போற பொண்ணு நீ. பாத்துப் பேசு."

"வர்றப்ப வர்றேன். இப்ப இது எங்க ஊடு."

அவர் பஷீரைப் பார்த்தார். பஷீர் மகளைப் பார்த்தார். வியாழக்கிழமை பத்து மணிக்கு மேல் ஒரு நிமிஷம்கூடத் தள்ளாது என்று சொல்லிவிட்டு அன்வர் பாஷா திரும்பினார்.

புதன்கிழமை முழுக்க முன்னி குதிரையின் முகத்தை விட்டு நகரவில்லை. ஆயில் பட்ட இடமெல்லாம் பிஜிலிக்கு எரிந்தது. கம்பத்தில் உரசப் பார்த்தது. ஊசி போட்ட கண்ணை உரசிவிட்டால் அது தானாகவே வீங்கும், வீங்கினால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். தலையை இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினாள். வேப்பங்கொத்தால் ஈ ஓட்டினாள். கீழிமை சுத்தமாகவே இருந்தது. சாயங்காலம் தண்ணீர் எடுக்கப் போனவள், திரும்பி வரும்போது ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து தொங்குவதையும், பிஜிலி சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு கம்பத்தில் கன்னத்தை இழைப்பதையும் பார்த்தாள். குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

வியாழக்கிழமை காலை இமை லேசாக உப்பியிருந்தது.

டாக்டர் வருவதற்குள் தெரு நிறைந்துவிட்டது. தெருமுனை டீக்கடையில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜீவராஜ் இமையை விரலால் அழுத்திப் பார்த்தார். எறும்பை விலக்கி நடக்கிற ஜைன வீட்டுப் பிள்ளை அவர். முகம் வெளுத்திருந்தது. வீக்கம் இருக்கிறது, ஆனால் கண்ணில் சீழ் இல்லை, உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை என்றார். இன்னொரு ஊசி போட்டு இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றார்.

"நாளைக்கு அமாவாசை" என்றார் அன்வர் பாஷா. "சந்தேகம் இருந்தா சுடறதுக்குச் சட்டம் இருக்குதா, இல்லியா?"

"இருக்கு."

"இது பொம்பளப் புள்ளைங்க பொழங்கற ஊடு. மனுசனுக்கு வந்துட்டா யார் பொறுப்பு? நீங்க பொறுப்பா?"

குதிரையின் முகத்திலிருந்து கம்பத்தில் ஒட்டியிருந்த முடியை முன்னி காட்டினாள். உரசியதால் வந்த வீக்கம் என்றாள். இருக்கலாம், ஆனால் அதை வைத்து மட்டும் எழுத முடியாதே அம்மா என்று டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். பேனாவைத் திறந்தார். மூடினார். பிறகு பஷீரைப் பார்த்து, அன்றைக்குக் கேட்ட கேள்வியையே இன்னொரு தடவை கேட்டார். வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லையே?

பஷீர் தரையைப் பார்த்தார். பிஜிலியைக் குட்டியாக வாங்கி வந்த மனிதர், வாயைத் திறந்து மூடினார், அவ்வளவுதான். போலீஸ்காரர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். குறுக்கே நின்ற ஜட்காவை நகர்த்தச் சொல்லி அன்வர் பாஷா கை காட்டினார். கன்னியப்பன் குனிந்து சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்தான்.

முன்னி ஒரு கால் எடுத்து வைத்தாள். மெஹராஜ் பேகம் பின்னாலிருந்து அவள் தாவணியைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம்டி என்றாள், அழுகிற குரலில். முன்னி தாவணியை அம்மா கையிலேயே விட்டுவிட்டு ஜட்காவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். ஊரே பார்க்கிற இடத்தில், அன்வர் பாஷாவுக்கு நேராக வந்து நின்றாள். ரவிக்கையின் இடது கையைத் தோள்வரை சுருட்டினாள். அவள் குரல் கடைசி ஆள்வரை கேட்டது.

"எங்கம்மா சொன்னது பொய், டாக்டர். எனக்கு ஒரு மாசமா கையில படை. இந்தக் குதிரைகிட்டேருந்துதான் வந்துது."